200 மெகாபிக்சல் போனில் எடுத்த படத்தில் ஏன் அதிகப் புள்ளிகள் தெரிகின்றன?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பாட்டிக்கு 80 வயது நிறைந்ததை வீட்டுக் கூடத்தில் கொண்டாடியிருக்கிறீர்கள். இரவு நேரம், ஒரு டியூப்லைட்டும் குத்துவிளக்கும்தான் வெளிச்சம். பழைய 12 மெகாபிக்சல் போனிலும், புதிதாக வாங்கிய 200 மெகாபிக்சல் போனிலும் படம் எடுத்தீர்கள். பெரிதாக்கிப் பார்த்தால், புதிய போனை 200 மெகாபிக்சலில் வைத்து எடுத்த படத்தில்தான் புள்ளிகள் அதிகம். அதே போன் தானியங்கி முறையில் எடுத்த படத்தில் புள்ளிகள் இல்லை, ஆனால் பாட்டியின் முகச் சுருக்கங்களும் இல்லை. ஏமாந்துவிட்டேனா, இந்தப் படங்களைச் சரிசெய்து சட்டம் போட்டு மாட்ட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது: இரண்டு கேமராக்களை ஒப்பிடும்போது எதை எதோடு வைத்துப் பார்க்க வேண்டும் என்பது. அதற்கு விடை கிடைத்தால் மற்ற இரண்டுக்கும் விடை தானாகவே வந்துவிடும். பிலிம் கழுவிய காலத்தில் ஸ்டூடியோ வேலைக்கு வந்து, இன்றுவரை படம் எடுப்பதும் பிரிண்ட் போடுவதுமாக இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் படங்களை நான் பார்க்கவில்லை. ஆகவே அவற்றைப் பற்றிச் சொல்வதெல்லாம் நீங்கள் விவரித்ததை வைத்துத்தான்.

அந்தப் புள்ளிகள் எங்கிருந்து வருகின்றன என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. பிலிமில் நாங்கள் கிரெயின் என்று சொன்னது, பிலிமின் மேல் பூசிய வெள்ளி உப்புப் படிகங்கள் கழுவியபின் விட்டுச்செல்லும் துகள்கள். போன் கேமராவில் வெள்ளியும் இல்லை, துகளும் இல்லை. பழக்கத்தால் அந்தப் பெயரை வைத்திருக்கிறோம், சரியான பெயர் நாய்ஸ். அதன் பெரும்பகுதி கேமராவின் பழுது அன்று, ஒளியின் இயல்பு. தூறல் விழும்போது முற்றத்தில் வரிசையாக டம்ளர்களை வைத்து ஒரு நிமிடத்தில் எடுத்துவிட்டால், ஒன்றில் பத்துத் துளி இருக்கும், பக்கத்தில் ஆறு இருக்கும், அதற்கடுத்ததில் பதின்மூன்று இருக்கும். இரவு முழுக்க மழை பெய்ய விட்டுக் காலையில் பார்த்தால் எல்லா டம்ளர்களும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கும். ஒளியைப் படமாக மாற்றும் சில்லான சென்சாரில் உள்ள ஒவ்வொரு பிக்சலும் அப்படி ஒரு டம்ளர்தான், அதில் விழுவது ஒளித்துகள். சராசரியாக 100 துகள் விழுந்தால் ஏற்ற இறக்கம் சுமார் 10, அதாவது நூற்றுக்குப் பத்து. 10,000 துகள் விழுந்தால் ஏற்ற இறக்கம் 100, அதாவது நூற்றுக்கு ஒன்றுதான். வெளிச்சத்தை அளக்கும் அலகான லக்ஸில் சொன்னால், நல்ல வெயில் 1,00,000 லக்ஸ் வரை இருக்கும், இரவில் வீட்டுக் கூடம் 100 லக்ஸ் அளவில்தான் இருக்கும். ஆயிரம் மடங்கு குறைந்த மழையில் டம்ளர்கள் சமமாக நிரம்பவேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். சென்சாரைப் படிக்கும் மின்சுற்றும், போன் சூடேறுவதும் தம் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கின்றன என்பது உண்மை. ஆனால் நீங்கள் எடுத்தது போன்ற படங்களில் முதல் காரணம் வெளிச்சப் பற்றாக்குறைதான்.

இனி உங்கள் இரண்டு போன்களுக்கு வருவோம். நீங்கள் மாடல் பெயரைச் சொல்லாததால் பொதுவான அளவுகளை எடுத்துக்கொள்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் வந்த நல்ல 12 மெகாபிக்சல் போன்கள் பலவற்றில் ஒரு பிக்சலின் பக்கம் 1.4 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 2023இல் வந்த கேலக்ஸி எஸ் 23 அல்ட்ராவின் 200 மெகாபிக்சல் சென்சாரில் அது 0.6 மைக்ரான். பரப்பளவைக் கணக்கிட்டால், பழைய பிக்சல் புதியதைவிட ஐந்து மடங்குக்கும் சற்று அதிகம் பெரியது. ஒற்றைப் பிக்சலாக எடுத்துப் பார்த்தால் புதியதில் விழும் ஒளி ஐந்தில் ஒரு பங்குதான், எனவே புள்ளி தெரியத்தான் செய்யும். ஆனால் முழுச் சென்சாரையும் பாருங்கள். பழையது சுமார் 5.6 × 4.2 மில்லிமீட்டர், புதியது சுமார் 9.8 × 7.3 மில்லிமீட்டர். லென்ஸின் திறப்பைக் குறிக்கும் எஃப் எண் (சிறிதாக இருந்தால் ஒளி அதிகம்) இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தால், அதே நேரத்தில் புதிய சென்சார் வாங்கும் மொத்த ஒளி மூன்று மடங்கு. அந்த ஒளியை அது பதினாறு மடங்குக்கும் மேற்பட்ட சிறு டம்ளர்களில் பிரித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

நீங்கள் செய்த ஒப்பீட்டில் நடந்த பிழை இங்கேதான் இருக்கிறது. சாதாரணக் கணினித் திரையில் 200 மெகாபிக்சல் படத்தை நூறு சதவீத அளவில், அதாவது படத்தின் ஒரு பிக்சலுக்குத் திரையின் ஒரு பிக்சல் என்று பார்ப்பது, ஏறக்குறைய 14 அடி அகலப் பேனரை முகத்துக்கு இரண்டடி தூரத்தில் வைத்துப் பார்ப்பதற்குச் சமம். 12 மெகாபிக்சல் படத்தை அதே நூறு சதவீதத்தில் பார்த்தால் அது மூன்றரை அடி அகலம்தான். இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தால், பல சிறு பிக்சல்கள் ஒன்றாகக் கலந்து அவற்றின் ஏற்ற இறக்கங்கள் தம்மைத் தாமே சமன்செய்துகொள்ளும். அப்போது புதிய போன் பின்தங்கியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இது புதிய தந்திரமும் அன்று. 2012இல் நோக்கியா 808 பியூர்வியூ 41 மெகாபிக்சல் சென்சாருடன் வந்தபோது, பல பிக்சல்களைச் சேர்த்து 5 அல்லது 8 மெகாபிக்சல் படமாகத் தருவதுதான் அதன் முக்கியமான வழிமுறையாக இருந்தது. இன்றைய போன் தானியங்கி முறையில் பதினாறு பிக்சல்களைச் சேர்த்து ஒன்றாக்கி 12 மெகாபிக்சல் அளவில் படம் தருவதும் அதே காரணத்துக்காகத்தான். ஆகவே இரவில், வீட்டுக்குள், 200 மெகாபிக்சல் முறையைத் தொடவே வேண்டாம். அது நல்ல வெயிலில், அசையாத காட்சிக்கு உரியது.

ஏமாந்துவிட்டேனா என்ற கேள்விக்கு, பிக்சல் அளவைப் பொறுத்தவரை இல்லை என்பது என் பதில். பாட்டியின் முகம் வழுவழுப்பாகிப் போனது வேறு விஷயம், அதில் உங்கள் வருத்தம் நியாயமானது. புள்ளிகளை அகற்றும் மென்பொருளுக்குப் புள்ளி எது, தோலின் சுருக்கம் எது என்று பிரித்தறியும் திறன் அளவோடுதான் உண்டு. இரண்டுமே சிறு இடைவெளியில் வெளிச்சம் மாறும் இடங்கள். வெளிச்சம் குறையக் குறைய அது துணிந்து அழிக்கும், நெற்றி வரியும் நரைமுடியின் இழையும் புடவையின் நெசவும் சேர்ந்து போகும். புள்ளியே இல்லாத படத்தைப் பார்த்து நல்ல கேமரா என்று முடிவு செய்வதுதான் கடைகளில் நடக்கும் பெரிய தவறு என்று நினைக்கிறேன். ஒரு பிரிண்டராக என் விருப்பம் எப்போதும், கொஞ்சம் புள்ளி இருந்தாலும் முகம் முகமாக இருக்கும் படம்தான். புள்ளியைப் பிறகு குறைக்கலாம். அழிந்துபோன சுருக்கத்தை எவராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. அதோடு உங்கள் போனில் முகத்தை மெருகேற்றும் பியூட்டி வசதி இயங்குகிறதா என்றும் பாருங்கள். சில போன்களில் அது வாங்கும்போதே இயங்கும் நிலையில் இருக்கிறது. போர்ட்ரெய்ட் முறையில் அதற்குத் தனி அமைப்பு இருக்கக்கூடும்.

ஒப்பிடுவதை நீங்களே வீட்டில் செய்யலாம், கருவி எதுவும் வேண்டாம். ஒரு நாற்காலியில் தமிழ் நாளிதழ் ஒன்றை விரித்து வைத்து, பக்கத்தில் சரிகைக் கரையுள்ள பட்டுப்புடவை ஒன்றைத் தொங்கவிட்டு, நடுவில் பொறுமையாக உட்காரக்கூடிய ஒருவரை உட்காரவையுங்கள். பின்னால் வெறும் சுவர் இருக்கட்டும். போனைக் கையில் பிடிக்காமல் புத்தக அடுக்கின் மேல் சாய்த்து, டைமர் வைத்து, இரண்டு போன்களிலும் மூன்று மூன்று படங்கள் எடுங்கள், ஏனெனில் ஒரு படத்தில் போகஸ் தவறியிருக்கலாம். இரண்டிலும் காட்சி ஒரே அகலத்தில் விழ வேண்டும். லென்ஸ்களின் கோணம் மாறுபடும் என்பதால் ஒன்றைக் கொஞ்சம் முன்னே நகர்த்த வேண்டியிருக்கும். பகலில் ஒருமுறை, இரவில் ஒருமுறை செய்யுங்கள். படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் கேபிள் வழியாக ஒரே கணினிக்கு மாற்றுங்கள். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும், அந்தந்தப் போனின் திரையில் பார்த்தாலோ திரையின் பளபளப்பைக் கேமராவின் தரம் என்று எண்ணிவிடுவோம். பிறகு எல்லாப் படங்களையும் 4000 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து அருகருகே வைத்துப் பாருங்கள். நாளிதழின் சிறு எழுத்தில் ஆய்த எழுத்தின் மூன்று புள்ளிகளும் தனித்தனியாக நிற்கின்றனவா, சரிகை இழை இழையாகத் தெரிகிறதா, புருவத்தில் முடி தெரிகிறதா அல்லது மை தீட்டியதுபோல இருக்கிறதா என்று கவனியுங்கள். வெறும் சுவரின் நிழலான மூலையில் புள்ளிகளைப் பாருங்கள். சுவர் சுத்தமாகவும் புருவம் மையாகவும் இருந்தால், அந்தப் போன் அழிப்பதில் கெட்டிக்காரப் போன் என்று பொருள்.

போனின் விவரத்தாளில் நம்பக்கூடிய எண்கள் மிகச் சிலவே. சென்சாரின் அளவும் லென்ஸின் எஃப் எண்ணும் இயற்பியல் அளவுகள், அவற்றை நம்பலாம். எஃப் 1.8 லென்ஸ், எஃப் 2.4 லென்ஸைவிட ஏறத்தாழ 1.8 மடங்கு ஒளியை உள்ளே விடும். 1 அங்குல சென்சார் என்று எழுதியிருந்தால் அது உண்மையில் 25.4 மில்லிமீட்டர் அன்று. பழைய தொலைக்காட்சிக் கேமராக் குழாய்களின் வெளிவிட்டத்தை வைத்துச் சொன்ன கணக்கு அது, உள்ளே இருக்கும் சென்சார் 13.2 × 8.8 மில்லிமீட்டர்தான். ஆனாலும் போனுக்கு அது பெரிய அளவு. மெகாபிக்சல் எண் மட்டும் நாய்ஸைப் பற்றி எதையும் சொல்லாது. 200 மெகாபிக்சல் சென்சார்களிலேயே பல அளவுகள் உண்டு. போன் கேமராக்களைச் சோதித்து வெளியிடும் மதிப்பெண் பட்டியல்களை நான் முழுதாகத் தள்ளிவிடுவதில்லை, ஆனால் மென்பொருள் புதுப்பிப்பு ஒன்று வந்தால் அதே போனின் படமே மாறிவிடும் என்பதால், அவற்றை அந்த நாளுக்கான அளவீடாக மட்டுமே கொள்ள வேண்டும். இன்னொன்றையும் சோதியுங்கள்: இருட்டில், தூரத்தைக் கிட்டே காட்டும் டெலிபோட்டோ லென்ஸைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அந்த லென்ஸை விரலால் மூடிப் பாருங்கள். பல போன்களில் காட்சி மறையாது, ஏனெனில் வெளிச்சம் போதாதபோது போன் சொல்லாமலே முதன்மைக் கேமராவின் நடுப்பகுதியை வெட்டிக் காட்டுகிறது. இருமடங்கு ஜூமுக்காக அப்படி வெட்டினால் சென்சாரின் கால்பங்கும், ஒளியின் கால்பங்கும்தான் மிஞ்சும். ஜூம் செய்வதைவிட இரண்டு எட்டு முன்னே போவது எப்போதும் மேல்.

படம் எடுக்கும்போதே புள்ளியைக் குறைப்பதுதான் உண்மையான வைத்தியம். அதில் முதல் மருந்து வெளிச்சம். சாதாரண எல்இடி பல்பு ஒன்றை 2 மீட்டரிலிருந்து 1 மீட்டருக்குக் கொண்டுவந்தால் முகத்தில் விழும் ஒளி ஏறக்குறைய நான்கு மடங்காகும், புள்ளி பாதியாகும். நேரடியாக அடிக்கும் ஒளி முதியவர் முகத்துக்குக் கடுமையாக இருந்தால், அதை ஒரு வெள்ளை வேட்டியின் மேலோ, சினிமாக்காரர்கள் செய்வதுபோலத் தெர்மாகோல் அட்டையின் மேலோ அடித்துத் திருப்பி விடுங்கள். பகலாக இருந்தால் ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்காரவைத்து, உள்விளக்குகளை அணைத்துவிட்டு எடுங்கள். இதைவிட நல்ல போர்ட்ரெய்ட் வெளிச்சத்தை நான் எந்த ஸ்டூடியோவிலும் கண்டதில்லை. லென்ஸைப் பஞ்சுத் துணியால் துடைக்கவும் மறக்காதீர்கள். விரல் எண்ணெய் படிந்த லென்ஸ் படத்தை மங்கலாக்கும், மங்கலைச் சரிசெய்ய வெளிச்சத்துக்கும் இருட்டுக்குமான மாறுபாட்டைக் கூட்டும்போது புள்ளியும் கூடும். படத்தை இருட்டாக எடுத்துவிட்டுப் பிறகு வெளிச்சமாக்கிக்கொள்ளலாம் என்று எண்ண வேண்டாம், நிழலைத் தூக்கினால் அதிலுள்ள புள்ளிகள்தான் முதலில் எழுந்து வரும்.

இரண்டாவது மருந்து நேரம். ஐஎஸ்ஓ எண்ணைக் குறைத்தால் புள்ளி குறையும் என்று எங்கும் சொல்கிறார்கள். அது பாதி உண்மைதான். ஐஎஸ்ஓ என்பது வந்த ஒளியைப் பெருக்கிக் காட்டும் எண், ஒளியை உண்டாக்கும் எண் அன்று. ஐஎஸ்ஓவைக் குறைத்து, சென்சாரில் ஒளி விழும் ஷட்டர் நேரத்தையும் அதற்கேற்பக் கூட்டினால்தான் பயன் உண்டு. பெரும்பாலான போன்களில் லென்ஸின் திறப்பான அப்பர்ச்சர் மாறாது என்பதால் நம் கையில் இருப்பது ஷட்டர் மட்டுமே. உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கு 1/30 விநாடி போதுமான வேகம், ஓடியாடும் பேரக்குழந்தைக்கு 1/250 வேண்டும். கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஓஐஎஸ், எதிரே இருப்பவர் அசைவதைத் தடுக்காது. நைட் மோட் என்பதும் நேரத்தைக் கொடுக்கும் வழிதான். 2018இல் பிக்சல் 3 போனோடு கூகுள் கொண்டுவந்த நைட் சைட் வசதி, 15 படங்கள் வரை அடுத்தடுத்து எடுத்து, கை அசைவுக்கு ஏற்றவாறு நகர்த்திப் பொருத்தி, ஒன்றாகச் சேர்த்தது. 9 படங்களைச் சேர்த்தால் புள்ளி மூன்றில் ஒரு பங்காகும், 16 சேர்த்தால் நான்கில் ஒரு பங்காகும். இது வெறும் கணிதம், எந்த நிறுவனத்துக்கும் பொது. பாட்டியை மூன்று விநாடி அசையாமல் சிரிக்கச் சொல்ல முடிந்தால் நைட் மோட் நன்றாக உதவும். பேசிக்கொண்டிருப்பவர் மீது அது வேலை செய்யுமா என்பது ஒவ்வொரு போனின் மென்பொருளையும் பொறுத்தது, எடுத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

குத்துவிளக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீட்டு விசேஷப் படங்கள் பலவும் இதில்தான் கெடுகின்றன. எண்ணெய்த் திரியின் ஒளியில் சிவப்பும் மஞ்சளும் நிறைய உண்டு, நீலம் மிக மிகக் குறைவு. வெள்ளையை வெள்ளையாகக் காட்டுவதற்காகப் போன் அந்தக் கொஞ்ச நீலத்தை மட்டும் பல மடங்கு பெருக்குகிறது, அதோடு நீலத்தின் புள்ளிகளும் பெருகுகின்றன. பாட்டி நீலப் பட்டு கட்டியிருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். புடவையில் புள்ளிகள் கொதிப்பதுபோல் தெரிந்ததற்கு இதுவே காரணமாக இருக்க வேண்டும். விளக்கொளியில் எடுக்கும் படத்தை முழுவெள்ளையாக்காமல், மஞ்சளாகவே விட்டுவிடுங்கள். கண்ணுக்கும் அதுதான் இயல்பாக இருக்கும்.

எடுத்துமுடித்த படங்களுக்கு வருகிறேன். மூன்றில் எதை எடுத்துக்கொள்வது என்றால், 200 மெகாபிக்சல் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் முகம் அதில்தான் மிஞ்சியிருக்கிறது. முதல் வேலையாக அதை 12 மெகாபிக்சல் அளவுக்கு, அதாவது 4000 × 3000 பிக்சலுக்குக் குறையுங்கள். பதினாறு பிக்சல் ஒன்றாகும்போது கணக்குப்படி புள்ளி நான்கில் ஒரு பங்காக வேண்டும். போன் ஏற்கெனவே மெருகேற்றிச் சுருக்கிய ஜேபெக் கோப்பில் அந்த முழுப் பலனும் கிடைக்காது, ஆனால் பெரிய மாற்றம் கண்ணுக்கே தெரியும். அடுத்து, லைட்ரூம் போன்ற படத் திருத்தச் செயலியில் நாய்ஸ் இரண்டு வகையாக இருக்கும்: சிவப்பும் பச்சையுமாகத் தெறிக்கும் நிறப்புள்ளி ஒன்று, வெளிச்சப்புள்ளி மற்றொன்று. நிறப்புள்ளியைத் தாராளமாகக் குறைக்கலாம், ஏனெனில் நம் கண் நிறத்தின் நுணுக்கத்தை அவ்வளவு கூர்மையாகப் பார்ப்பதில்லை. வெளிச்சப்புள்ளியில் கை அடங்கியே இருக்க வேண்டும். நெற்றிச் சுருக்கம் மங்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து கொஞ்சம் பின்வாங்குங்கள். ஷார்ப்பன் செய்வதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் செய்தால் புள்ளிகளைத்தான் கூர்மையாக்குவீர்கள்.

செயற்கை நுண்ணறிவு நாய்ஸ் நீக்கிகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2023 ஏப்ரலில் லைட்ரூமில் வந்த டீநாய்ஸ் போன்றவை, ரா கோப்பில் (போன் மெருகேற்றாமல், சென்சார் பதிந்தபடியே சேமித்த கோப்பு) பயன்படுத்தும்போது பழைய முறைகளைவிடத் தெளிவாகவே மேலானவை, இதைத் தயக்கமில்லாமல் சொல்வேன். அடுத்த விசேஷத்தில் உங்கள் போன் ரா கோப்பு தருமானால் ஜேபெக்கோடு அதையும் சேர்த்து எடுத்துவையுங்கள். முகத்தைத் தெளிவாக்கித் தருவதாகச் சொல்லும் செயலிகள் வேறு வகை. இல்லாத இமைமுடியையும் பல் வரிசையையும் அவை தாங்கள் கற்ற ஆயிரக்கணக்கான முகங்களிலிருந்து எடுத்து நிரப்புகின்றன. படம் அழகாக வரும், ஆனால் அந்தக் கண் உங்கள் பாட்டியின் கண்தானா என்பதற்கு எந்த மென்பொருளும் உறுதி தர முடியாது. புடவைக்கும் சுவருக்கும் அதைப் பயன்படுத்துங்கள். முகத்துக்கு நான் ஒருபோதும் பயன்படுத்த மாட்டேன்.

சட்டம் போடும் அளவைப் பொறுத்தவரை, 4000 × 3000 பிக்சல் படம் 16 × 12 அங்குலப் பிரிண்டில் அங்குலத்துக்கு 250 பிக்சல் வீதம் வருகிறது, சுவரில் மாட்டிப் பார்க்க அது தாராளம். திரையில் துருத்தித் தெரியும் புள்ளிகளில் பெரும்பகுதி தாளில் அடங்கிவிடும் என்பது என் நெடுநாள் அனுபவம். பளபளப்பான தாளைவிட மேட் தாளில் இன்னும் நன்றாக அடங்கும். முதலில் முகத்தை மட்டும், சட்டத்தில் வரப்போகும் அதே அளவில், ஒரு 4 × 6 தாளில் சோதனைப் பிரிண்ட் போடச் சொல்லி வாங்கி, கூடத்துச் சுவரில் ஒட்டி, நான்கடி தள்ளி நின்று பாருங்கள். அப்போதும் புள்ளி உறுத்தினால் மட்டும் வெளிச்சப்புள்ளியை இன்னும் கொஞ்சம் குறைத்து, பெரிய பிரிண்டுக்குக் கொடுங்கள்.